தப்பு கிடைத்த சந்தோஷம்

தப்பு பண்ணிட்டா மனுஷங்க என்ன செய்வாங்க? சில பேர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாங்க. சில பேர் பழியை அடுத்தவங்க தலையில போட்டுடுவாங்க. என் வீட்டுக்காரர் மாதிரி ஆளுங்க டிவி சத்தத்தைக் கூட்டிடுவாங்க. தான் பண்ணின தப்பு தன் கண்ணுல பட்டதும் கைதட்டிச் சிரிக்கிற ஆளுன்னா, என் வாழ்நாள்ல ஒரே ஒருத்தரைத்தான் பார்த்திருக்கேன். பேரு சொல்லப் போறதில்ல. எனக்கு அவங்க அக்கா, மத்த எல்லாருக்கும் டாக்டர், அது போதும். சிங்கப்பூரை விட்டுப் போய் ரொம்ப காலமாச்சு. கிறிஸ்துமஸுக்கு ஆஸ்திரேலியாவுல பெர்த்துல இருந்து போன் வரும். எப்படி இருக்கே, பிள்ளைங்க எப்படி இருக்காங்க, ஒண்ணும் கிடையாது. "சரசு, இந்த வருஷம் ஒரு பெரிய தப்பு பண்ணினேன், கேளு"ன்னுதான் ஆரம்பமே.

நான் அவங்ககிட்ட வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளோட கடைசியில. பல் ஆராய்ச்சிக்கூடத்துல உதவியாளர் வேலைன்னு சொன்னாங்க. பல்லு புடுங்குற இடம்னு நெனச்சுத்தான் போனேன். போய்ப் பார்த்தா, வாயைத் திறந்துட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷன் ஒருத்தன் இல்ல. கூண்டு கூண்டா வெள்ளை எலி. அதுங்க தாடையை எடுத்து, மெல்லிசா சீவி, கண்ணாடித் துண்டுல ஒட்டி, சாயம் ஏத்தி மைக்ராஸ்கோப்புக்கு அனுப்பணும். அதான் என் வேலை. என் மாமியார் அதுக்குள்ள பூன் லேயில எங்க அடுக்குமாடி புளோக் முழுக்க "மருமக பல் டாக்டருக்கு அசிஸ்டெண்ட்"னு சொல்லி முடிச்சுட்டாங்க. எலி வெட்டுறேன்னு நான் எங்க போய்ச் சொல்றது?

முதல் நாள் அக்கா என் முகத்தைப் பார்க்கல, பல்லைத்தான் பார்த்தாங்க. மேல் வரிசையில ஒரு முன்பல்லுல எனக்கு ஒரு வெள்ளைத் திட்டு உண்டு. அதையே உத்துப் பார்த்துட்டு, "சின்ன வயசுல உனக்குப் பெரிய காய்ச்சல் வந்திருக்கு. எனாமல் உருவாகிற நேரத்துல காய்ச்சல் வந்தா இப்படித்தான் திட்டு விழும். சரியா?"ன்னு கேட்டாங்க.

நான் என்னத்தைக் கண்டேன்? வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட கேட்டு மறுநாள் வந்து சொன்னேன். "காய்ச்சல்லாம் இல்லையாம் டாக்டர். கம்பத்துல, அந்தக் கிராமத்துப் பலகை வீட்டுப் படியில குப்புற விழுந்து, பால்பல்லு உள்ள ஏறிப் போச்சாம்."

வேற டாக்டரா இருந்தா, "உங்க அம்மாவுக்கு ஞாபகம் இருக்காது"ன்னு சொல்லிட்டு வேலையைப் பார்த்திருப்பாங்க. இவங்க நாற்காலியை விட்டு எழுந்து படபடன்னு கையைத் தட்டினாங்க. "அப்ப நான் தப்பு! அந்தப் பால்பல்லு இடிச்சு விழுந்த திட்டு இது! காய்ச்சல்னா பக்கத்துப் பல்லுலயும் திட்டு இருக்கணும்ல? ஒண்ணைப் பாத்துட்டு மத்ததைப் பாக்காமலே பேசிட்டேன் பாரேன்! திற, திற, வாயைத் திற." அதோட விட்டாங்களா? அந்தப் பக்கமா போன ஆளுங்களையெல்லாம் கூப்பிட்டு, என் வாயைக் காட்டி, தான் எப்படி ஏமாந்தேன்னு விளக்கம் வேற. வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது நாளே நான் நடுக்கூடத்துல ஆன்னு வாயைத் திறந்துட்டு நிக்கிறேன். மானம் போச்சு. அன்னைக்கே வேலையை விட்டுடலாம்னு நெனச்சேன். ஆனா பஸ்ல வீட்டுக்குப் போகும்போது எனக்கே சிரிப்பு வந்துடுச்சு.

இது லேப்ல மட்டும் இருக்கிற குணம்னு நெனச்சுடாதீங்க. அக்கா கத்தோலிக்கர். ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பூசையில பாடல் குழுவுல பாடுவாங்க. ஒரு கிறிஸ்துமஸுக்கு என்னையும் கூப்பிட்டாங்கன்னு புதுப்புடவை கட்டிக்கிட்டுப் போனேன். கோயில் நிறைய கூட்டம். பாட்டு நல்லாத்தான் போய்க்கிட்டிருந்தது. திடீர்னு அக்கா கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்திட்டாங்க. "மன்னிக்கணும், நான்தான் சுருதியை விட்டுட்டேன். முதல்ல இருந்து பாடலாம்." ஆர்கன் வாசிச்ச பையன் நெத்தியில கையை வெச்சுக்கிட்டான். ஃபாதர் பீடத்துல நின்னபடியே காத்திருந்தார். எனக்குப் பின்னாடி ஒரு அம்மா, "மாதாவே, இன்னைக்குமா?"ன்னு முனகினது எனக்கு நல்லா கேட்டுச்சு. அக்கா முகத்தைப் பார்க்கணுமே, அப்படி ஒரு பிரகாசம். ரெண்டாவது தடவை நிஜமாவே நல்லா இருந்தது, அதையும் சொல்லிடணும்.

சில சமயம் பக்கத்துல இருக்கிற நமக்குத்தான் சங்கடம். அவங்க மத்தவங்க தப்பைத் தோண்டுற ஆளு இல்ல. ஒருத்தரைப் பத்தியும் அப்படிப் பேசிக் கேட்டதில்ல. ஆனா தன்னோடதை இப்படிப் பொதுவுல போட்டு உடைக்கிறவங்க பக்கத்துல உட்கார்ந்தா, நம்ம மூடி வெச்சிருக்கிறது நம்மளையே குத்தும். அதனாலதான் கேண்டீன்ல அவங்க மேசைக்கு அவ்வளவா யாரும் வர மாட்டாங்க. எனக்கு அது பழகிப் போச்சு.

ஒரு தீபாவளிக்கு வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவங்க இருந்தது சிராங்கூன் ரோடு பக்கம், நாங்க பூன் லே. எந்த பஸ், எங்க மாறணும்னு என் வீட்டுக்காரர் போன்ல பொறுமையா சொன்னார். "அதைவிட எனக்கு நல்ல வழி தெரியும்"னு அக்கா ஒரே பிடிவாதம். மத்தியானம் சோறு ஆறிப் போச்சு. கறி ரெண்டு தடவை சூடு பண்ணியாச்சு. ஆளைக் காணோம். கடைசியில வேர்த்து விறுவிறுத்து வந்து நின்னாங்க. முகமெல்லாம் சிரிப்பு.

"புக்கிட் பாஞ்சாங் போயிட்டேன் சரசு! நீங்க சொன்னது சரி, நான் சொன்னது சுத்தத் தப்பு. அங்க எவ்வளவு வீடு கட்டுறாங்க தெரியுமா? தப்பா போகலன்னா நான் எங்க அதைப் பாக்கப் போறேன்?"

கையில ஒரு பெட்டி. அவங்க அப்பாவுக்குத் தேக்கா சந்தையில மீன் கடை. பெட்டிக்குள்ள ஐஸுக்கு நடுவுல ரெண்டு வாவல் மீன், பாதித் தீவைச் சுத்தி வந்தும் அப்போதான் புடிச்ச மாதிரி பளபளன்னு. "ஐஸ் போட்டா நம்ம ஊர் வெயிலுக்குப் பயப்பட வேணாம்"னு பெருமையா சொன்னாங்க. ஐஸ் விஷயத்துல அக்கா மீன்காரர் மகள்தான். கோயில் பீடத்துக்குப் போற பூவைக்கூட ஐஸ் பெட்டியிலதான் கொண்டு போவாங்க.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர், "எலிப் பல்லுல அப்படி என்னதான் பாக்குறீங்க டாக்டர்?"னு கேட்டுட்டார். நான் அவரை முறைச்சேன். அக்காவுக்கோ கொண்டாட்டம்.

"நீங்க ஜூரோங்ல கப்பலுக்குச் சாரம் கட்டுறீங்கதானே? எனாமல்னா பல்லு மேல இருக்கிற வெள்ளை ஓடு. அதைக் கட்டுறதுக்குன்னு செல்லுங்க வரிசையா, உயரம் உயரமா நிக்கும். ஒவ்வொரு செல்லுக்கு உள்ளேயும் ஒரு சாரம் இருக்கு. புரதத்தால ஆன சாரம். மெல்லிசா நூல் மாதிரி ஒண்ணு, அதுக்குப் பேரு ஆக்டின். குழாய் மாதிரி ஒண்ணு, அது டியூபுலின்."

"எங்க சாரமும் குழாய்தான்!" அவருக்கு ஒரே உற்சாகம். "சரி, வேலை முடிஞ்சா நாங்க சாரத்தைப் பிரிச்சுடுவோம். அங்க?"

"அங்க கட்டின ஆளே போயிடுவான். பல்லு வெளிய முளைச்சு வரும்போது எனாமல் கட்டின செல்லு ஒண்ணுகூட மிஞ்சாது. அதனாலதான் எனாமல்ல ஒரு தப்பு விழுந்தா விழுந்ததுதான். திருத்த ஆளு கிடையாது." சொல்லிட்டுச் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சிரிச்சாங்க. "பல்லுக்குத்தான் அந்தத் தலையெழுத்து. நமக்கு என்ன? புக்கிட் பாஞ்சாங் போனா திரும்பி வந்துக்கலாம்."

அவங்க போனதுக்கு அப்புறம் என் வீட்டுக்காரர், "கொஞ்சம் ஒரு மாதிரிதான். ஆனா நல்ல மனுஷி"ன்னார். அதுல இருந்து நான் வேலை முடிஞ்சு வந்தா, "என்ன, இன்னைக்குச் சாரம் தெரிஞ்சுதா?"ன்னு கேட்கிறது அவருக்கு வழக்கமாச்சு.

அந்தச் சாரத்துலதான் வந்தது வினை. எண்பதுகள்ல அக்கா ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க. செல்லு எனாமல் சரக்கை வெளிய தள்ளுறதுக்கு உள்ளே இருக்கிற குழாய்ச் சாரம் வேணுமா, வேணாமா? இதான் கேள்வி. வெளிநாட்டுல சில பேர் வேணும்னு எழுதியிருந்தாங்க. எங்க துறைத் தலைவர், சீனர், ப்ராஃப்னுதான் நாங்க கூப்பிடுவோம், அவர் இங்கிலாந்துல படிச்ச காலத்துலேயே வேணாம்னு எழுதினவர். அந்தச் செல்லுல குழாயே கிடையாது, நூலை வெச்சே சமாளிக்குதுங்கிறது அவர் கட்சி.

நாங்க செஞ்சது இதுதான். எலித் தாடையை எடுத்த அந்த நிமிஷமே ஐஸ்ல வைக்கணும். ஐஸ் மேல வெச்சே பல்முளையைப் பிரிச்சு, ஐஸ்ல வெச்ச மருந்துல ஊறப் போடணும். அக்கா இதுல ஒரு வினாடி தாமதிக்க விட மாட்டாங்க. "மீன் கண்ணு கலங்குறதுக்குள்ள ஐஸ் போடணும்னு எங்கப்பா சொல்வார், சீக்கிரம், சீக்கிரம்!" அப்புறம் நான் சீவிக் குடுப்பேன். டியூபுலினைத் தேடிப் போய் ஒட்டிக்கிற ஒரு மருந்தை மேல ஊத்துவோம். இருட்டறையில வெச்சுப் பார்த்தா, ஒட்டின இடமெல்லாம் பச்சையா ஒளிரும்.

எங்க செல்லுல ஒளிரவே இல்ல. ஆக்டின் நூலு இருந்தது, குழாய் இருக்க வேண்டிய இடம் ஒரே இருட்டு. மருந்துதான் கெட்டுப் போச்சோன்னு பார்த்தா, அதே ஸ்லைடுல பக்கத்துல ஓடுற நரம்புல பச்சை ஜம்முன்னு தெரியுது. அப்ப மருந்து சரி. எத்தனை எலி பார்த்தாலும் அதே கதை. ப்ராஃப் சொன்னதுதான் சரின்னு ஆச்சு. அவருக்குத் தலைகால் புரியல. ஆர்ச்சர்ட் ரோடு ஹோட்டல் ஒண்ணுல நடக்கப் போற பெரிய மாநாட்டுல அக்கா பேசணும்னு ஏற்பாடு பண்ணிட்டார். ஜப்பான், ஆஸ்திரேலியான்னு எல்லா இடத்துல இருந்தும் ஆளுங்க வர்றாங்க.

இன்னொண்ணும் இருந்தது. அக்கா அங்க கான்ட்ராக்ட்லதான் இருந்தாங்க. அந்த வருஷக் கடைசியோட அது முடியுது. ஒரே ஒரு நிரந்தர வேலை காலி, அதுக்கு அக்காவும் இன்னொருத்தரும் போட்டி. மாநாட்டுப் பேச்சு நல்லா அமைஞ்சா வேலை அக்காவுக்குத்தான்னு எல்லாருக்கும் தெரியும். கிடைக்கலன்னா ஏதாவது கிளினிக்ல போய் உட்கார்ந்து, சொத்தைப் பல்லை அடைக்க வேண்டியதுதான். மைக்ராஸ்கோப், எலி, இருட்டறை எல்லாத்துக்கும் கும்பிடு.

மாநாட்டுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி ஐஸ் மெஷின் கெட்டுப் போச்சு. தாடையை எடுத்தாச்சு, ஐஸ் பெட்டியைத் திறந்தா வெறும் தண்ணி. நான் கேண்டீனுக்கு ஓடினேன். தண்ணிக் கடை அங்கிள், "எதுக்கு இவ்வளவு ஐஸ்?"னு கேட்டார். அவசரத்துல எலிக்குன்னு சொல்லித் தொலைச்சேன். "எலிக்கா? போ லா!"ன்னு கல்லாப் பக்கத்துல இருந்த துணியை எடுத்து என்னை விரட்டவே வந்துட்டார். கெஞ்சிக் கூத்தாடி ஒரு பை வாங்கிட்டு வர்றதுக்குள்ள, அக்கா வேற வழியில்லாம அறைச் சூட்டுலயே பிரிச்சு, மேசை மேல இருந்த மருந்துல போட்டுட்டாங்க.

"போச்சு. வெயில்ல கிடந்த மீன்தான் இது. தூக்கிப் போடவும் மனசு வரல. சாயம் ஏத்திப் பழகிக்கலாம், வை."

பழகத்தான் சீவிக் குடுத்தேன். அக்கா இருட்டறைக்குள்ள போனாங்க. அப்புறம், "சரசு, இங்க வா"ன்னு ஒரு குரல். குரலே சரியில்ல. போய்க் கண்ணை வெச்சுப் பார்த்தேன். ஐயோ, என்னத்தைச் சொல்ல! ஒவ்வொரு செல்லுக்குள்ளேயும் அடியில இருந்து நுனி வரைக்கும் பச்சைப் பச்சையா, நீள நீளமா, நெருக்கமா நிக்குது. ஜூரோங்ல கப்பலைச் சுத்தி நிக்கிற சாரம் அப்படியே செல்லுக்குள்ள. நான் நிமிர்ந்தப்போ அக்கா தரையில உட்கார்ந்திருந்தாங்க. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கிறாங்க.

"ஐஸ் சரசு, ஐஸ்! குளிர் பட்டா இந்தக் குழாய் கரைஞ்சு போயிடும். புஸ்தகத்துல படிச்சிருக்கேன். பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருக்கேன்! என் ஐஸ் பெட்டிக்கும் அது பொருந்தும்னு எனக்குத் தோணவே இல்ல பாரேன்! நரம்புல இருக்கிற குழாய் குளிரைத் தாங்குற ரகம், அதான் அங்க மட்டும் தெரிஞ்சுது. கெட்டுப் போகாம இருக்கணும்னு நானே ஐஸ் போட்டு, நானே கரைச்சு, நானே இல்லன்னு எழுதியிருக்கேன்!"

எனக்குச் சிரிப்பு வரல. அலமாரி நிறைய என் கையால சீவின ஸ்லைடு. அத்தனையும் வீண். அது போகட்டும், மாநாடு? வேலை?

அக்கா ஒரு தடவை பார்த்ததை நம்புற ஆளும் இல்ல. அடுத்த எலியில இடது தாடை ஐஸ்ல, வலது தாடை அறைச் சூட்டுல. இடது இருட்டு, வலது பச்சை. அடுத்ததுலயும் அதே. அதுக்கு மேல பேசுறதுக்கு ஒண்ணும் இல்ல. நேரா ப்ராஃப் அறைக்குப் போய்ச் சொல்லிட்டாங்க. அவர் கோபப்படலையாம். "பேசப் போறது நீ. யோசிச்சுக்கோ"ன்னு மட்டும் சொல்லிட்டு ஜன்னல் பக்கமா திரும்பிக்கிட்டாராம்.

அன்னைக்கு மத்தியானம் அவங்களை இழுத்துட்டுப் போய் சிராங்கூன் ரோட்டுல ஒரு கடையில உட்கார வெச்சேன். தோசை வந்தது, ரெண்டு பேரும் தொடல.

"அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. ஏற்கெனவே எழுதிக் குடுத்ததையே பேசிட்டு வாங்க. வேலை கைக்கு வரட்டும். அதுக்கப்புறம் ஐஸ், வெந்நீர் எதை வேணும்னாலும் சொல்லுங்க. பல்லு எங்க ஓடிப் போகப் போகுது?"

இன்னைக்குக் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்வேன். பிழைக்கத் தெரிய வேணாமா?

அக்கா டம்ளரைத் தள்ளி வெச்சாங்க. "எனக்கும் அந்த வேலை வேணும்டி. ரொம்ப வேணும். அப்பா சந்தையில எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கார்."

"அப்ப பேசாம இருங்களேன்!"

"இன்னைக்குச் சொன்னா அது நான் பண்ணின தப்பு. வேலை வாங்கிட்டுச் சொன்னா அது பொய் ஆயிடும் சரசு. தப்போட எனக்குக் குடித்தனம் பண்ணத் தெரியும். பொய்யோட தெரியாதே."

கோபத்துல என் தோசையையும் சாப்பிட்டு அவங்க தோசையையும் சாப்பிட்டேன்.

மாநாட்டுல ஸ்லைடு மெஷினை ஓட்டினது நான்தான். அக்கா நீலப் பட்டு கட்டிக்கிட்டு மேடை ஏறினாங்க. முதல் படத்தைப் போட்டேன், இருட்டு. "இதைக் காட்டி, இந்தச் செல்லுல குழாய் இல்லன்னு சொல்லத்தான் நான் வர்றதா இருந்தது." அடுத்த படம், பச்சை. சபையில ஒரு சலசலப்பு. "ரெண்டும் ஒரே எலி. இடது தாடை, வலது தாடை. நடுவுல இருக்கிற வித்தியாசம் என் ஐஸ் பெட்டி." எல்லாம் இங்கிலீஷ்லதான், ஆனா அதே அக்கா, அதே சிரிப்பு. குழாய் இருக்கு, தன்னோட முந்தின முடிவு தப்பு, இனிமே யாரும் இந்த வேலைக்கு ஐஸ் பக்கம் போகாதீங்கன்னு தெளிவா சொல்லி முடிச்சாங்க.

ஒரு கேள்விகூட வரல. மத்தவங்க பேசினப்போ எவ்வளவோ கேட்டாங்க. இப்போ எல்லாரும் மடியையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. முன்வரிசையில ப்ராஃப் மூக்குக்கண்ணாடியைத் துடைச்சார், துடைச்சார், துடைச்சுக்கிட்டே இருந்தார். டீ நேரத்துல அக்காகிட்ட வந்து பேசினது ஒரே ஒரு ஜப்பான்காரர். டீயோட குடுத்த கறிபாப் பலகாரத்தை நான் தட்டோட வெச்சுட்டேன். மடத்தனமா எல்லாத்தையும் தொலைச்சுட்டு நிக்கிறாங்களேன்னு எரிச்சலா வந்தது. அதே நேரத்துல, மேடையில நின்னது எங்க அக்காதான்னு அங்க இருந்த ஒவ்வொருத்தரையும் பிடிச்சு உலுக்கிச் சொல்லணும் போலவும் இருந்தது. ரெண்டும் உண்மை.

சில வாரம் கழிச்சு ஒரு காலையில ப்ராஃப் எங்க லேபுக்கு வந்தார். கதவைச் சாத்தினார். கையில ஒரு பழுப்புக் கவர். வேலை விஷயம்தான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. சீவிக்கிட்டிருந்த கத்தியைக் கீழே வெச்சேன். அவர் அக்காவைப் பார்க்கிறார், கவரைப் பார்க்கிறார்.

"சொல்லுங்க ப்ராஃப். வேற ஆளுக்குப் போயிடுச்சா?"

அவர் தலையை ஆட்டினார். "நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். முடியல. மன்னிச்சுடு."

அக்கா கண்ணாடியைக் கழட்டி மேசையில வெச்சாங்க. கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. மறைக்கல, திரும்பிக்கல. ப்ராஃப் போகல. கவரைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே நின்னார்.

"அப்ப கவர்ல என்ன?"

"என் பழைய படங்க. இங்கிலாந்துல எடுத்தது. குழாய் இல்லன்னு நான் எழுதினதுக்கு ஆதாரமே இதுதான்." அவர் குரல் இறங்கிடுச்சு. "வெளிய பனி கொட்டுற ஊரு. அங்கேயும் நாங்க ஐஸ்லதான் வெச்சோம். இவ்வளவு வருஷமா இதை வெச்சுத்தான் பாடம் நடத்துறேன். வேற யார்கிட்ட கொண்டு போறதுன்னு எனக்குத் தெரியல."

நானா இருந்தா அந்தக் கவரைப் பிடுங்கி ஜன்னல் வழியா எறிஞ்சிருப்பேன். வேலை இல்லன்னு சொல்ல வந்த வாயோட, படத்தைப் பாருன்னு கேட்கிறாரே மனுஷன்! அக்கா மூக்கை உறிஞ்சிக்கிட்டே கண்ணாடியை எடுத்து மாட்டினாங்க. ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டாங்க.

"உட்காருங்க ப்ராஃப். முதல்ல இதைப் பாத்துடலாம்."

"உனக்கு என் மேல கோபம் இல்லையா?"

"இருக்கு. உங்க மேலயும் இருக்கு, ஆளைத் தேர்ந்தெடுத்த அந்தக் கமிட்டி மேலயும் இருக்கு. நாளைக்கு உட்கார்ந்து நல்லா கோபப்படப் போறேன். இன்னைக்கு இது இருக்கே."

கவரைப் பிரிச்சுப் படங்களை ஜன்னல் வெளிச்சத்துல பரப்பினாங்க. குனிஞ்சு ஒவ்வொண்ணா பார்த்தாங்க. விரல் ஒரு படத்துல நின்னுச்சு, அடுத்ததுல நின்னுச்சு. "இங்க காலி. இங்கயும் காலி. நூலு எல்லாம் அழகா இருக்கு, குழாய் இருக்க வேண்டிய இடம் மட்டும் துடைச்சு வெச்ச மாதிரி. ஐயோ ப்ராஃப், நீங்களும் என்னை மாதிரியேதான்!" சொல்லிட்டு, அந்த ஈரக் கண்ணோடவே கையைத் தட்டினாங்க.

ப்ராஃப் அவங்களையே பார்த்தார். முகத்தை எங்க கொண்டு போய் வைக்கிறதுன்னு தெரியாத மாதிரி ஒரு பார்வை. அப்புறம் தொண்டையில ஏதோ சத்தம் வந்தது. இருமுறாருன்னுதான் நெனச்சேன். இல்ல, சிரிக்கிறார். கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார். "இவ்வளவு வருஷமா"ன்னு ஆரம்பிக்கிறார், முடிக்க முடியல. அக்கா அவர் முதுகுல தட்டிக் குடுக்கிறாங்க.

எனக்குத்தான் தாங்கல. எலித் தாடையைக் கையில வெச்சுக்கிட்டே தேம்பித் தேம்பி அழுதேன். அக்கா திரும்பிப் பார்த்தாங்க.

"என்ன சரசு, உனக்கும் ஏதாவது தப்பு கிடைச்சுதா?"

நான் பதில் சொல்றதுக்குள்ள ப்ராஃப் எழுந்து போய் இன்னொரு நாற்காலியை இழுத்துட்டு வந்து, அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எனக்காகப் போட்டார்.